ரோமானியர் காலத்து எகிப்தியத் தொல்பொருள்கள்: சேகரிக்கத் தொடங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: தேவிபட்டினம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற நான் தேவிபட்டினத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊருக்குத் தெற்கே, வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில், 1986-87 தொடங்கித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பல கட்டங்களாக அகழாய்வு நடத்தியிருக்கிறது. ரோமானியச் சாடிகளின் உடைந்த பகுதிகள், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடு, கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ரோமானியச் செப்புக்காசுகள் ஆகியவை அங்கே கிடைத்தன. இவற்றை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், அவை வந்த வழியையும் சேர்த்தே சொல்லி வந்தேன். கி.மு. 30இல் எகிப்து ரோமானிய மாகாணமான பிறகு, அலெக்சாந்திரியாவில் ஏற்றிய சரக்கு நைல் ஆற்றில் கோப்டோஸ் வரை படகில் சென்று, அங்கிருந்து ஒட்டகங்களின் மேல் பாலைவனத்தைக் கடந்து, பெரெனிகே, மயோஸ் ஹோர்மோஸ் ஆகிய செங்கடல் துறைமுகங்களை அடைந்து, ஜூலை மாதத்தில் கிளம்பும் கப்பல்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு இந்தியக் கரைகளுக்கு வந்தது. ஆகவே நம் கரையைப் பொறுத்தவரை ரோமானிய வணிகம் என்பது நடைமுறையில் எகிப்திய வணிகமே.

அந்த எகிப்தின் சில சிறு பொருள்களையாவது முறையாகச் சேகரித்து, அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். மம்மிகளோ பொன் முகமூடிகளோ என் எண்ணத்தில் இல்லை. சாதாரண மக்கள் வீட்டில் வைத்திருந்தவை, கையில் புழங்கியவை, இவற்றையே நான் விரும்புகிறேன். ஐரோப்பிய இணைய ஏலம் ஒன்றில் மூன்று பொருள்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, வாயில் விரல் வைத்த குழந்தைத் தெய்வமான ஹார்ப்போகிரட்டீஸின் சுடுமண் தலை. '1990களில் உருவான தனியார் சேகரிப்பிலிருந்து' என்று மட்டும் அதற்குக் குறிப்பு உள்ளது. இரண்டாவது, மேற்புறம் தவளை உருவம் கொண்ட சுடுமண் விளக்கு. அதற்கு 1968ஆம் ஆண்டின் விற்பனைச் சீட்டு இருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்றாவது, நீரோ மன்னனின் பெயரால் அலெக்சாந்திரியாவில் அச்சிடப்பட்ட டெட்ராடிராக்ம் (நான்கு டிராக்மா மதிப்புள்ள) காசு. அதன் முந்தைய உடைமையாளரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இவை உண்மையானவையா என்று படத்தை வைத்து எவ்வளவு தூரம் கணிக்க முடியும்? இவற்றை வாங்கி நம் நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறதா? இத்துறையில் பழகியவர்கள் விரிவாகவே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


பதில்: பரமக்குடி நாணயச் சேகரிப்பாளர்

ஐயா, வணக்கம். தங்களைப் போன்ற நோக்கம் உடையவர் காசிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சுடுமண் பொருளில் காலத்தையும் ஊரையும் ஊகிக்க வேண்டியிருக்கும். அலெக்சாந்திரியக் காசோ, தான் எந்த மன்னனின் எந்த ஆட்சியாண்டில் அச்சானது என்பதைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது.

எகிப்தை ரோமானியர் தனிப் பணவட்டமாகவே வைத்திருந்தார்கள். திபேரியஸ் காலத்தில், கி.பி. 20ஐ ஒட்டித் தொடங்கிய இந்த டெட்ராடிராக்ம் வரிசை, டையோகிளீஷியன் ஏறத்தாழ 296இல் பணமுறையை மாற்றும் வரை நீடித்தது. வெள்ளிக் காசு என்று பெயரே தவிர, தொடக்கத்திலிருந்தே செம்பு மிகுந்த கலவைதான். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வெள்ளி குறைந்து, இறுதியில் ஏறத்தாழச் செப்புக்காசாகவே ஆகிவிட்டது. காசின் மேல், பெரும்பாலும் பின்புறத்தில், ஆங்கில 'எல்' எழுத்தைப் போன்ற ஒரு குறியும், அதை அடுத்துக் கிரேக்க எண்ணெழுத்தும் இருக்கும், அவைதான் ஆட்சியாண்டு. எகிப்தியப் புத்தாண்டு ஆகஸ்ட் 29இல் பிறப்பதால், மன்னன் எந்த நாளில் பட்டம் ஏறினாலும் அடுத்து வரும் ஆகஸ்ட் 29 அன்று அவனுடைய இரண்டாம் ஆண்டு தொடங்கிவிடும். ஹேட்ரியன் 117 ஆகஸ்ட் மாதத்தில் பதவியேற்றான். எனவே அவனுடைய முதலாம் ஆண்டு சில வாரங்களே நீடித்தது. இதைப் பிள்ளைகளிடம் காசைக் கையில் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாடவேளை முழுவதும் கேள்வி கேட்பார்கள்.

நீரோவின் காசுகளில் தாங்கள் தேட வேண்டியது பதின்மூன்றாம் ஆண்டு, அதாவது 66-67இல் வெளியானது. முன்புறத்தில் கதிர்முடி சூடிய நீரோ. பின்புறத்தில் பாய் விரித்துச் செல்லும் கப்பல், அதன் கீழே ஓங்கில்கள். அவன் கிரேக்கத்துக்குச் சென்ற பயணத்தை ஒட்டி வெளியிடப்பட்ட வகை அது. மன்னனைச் சுமந்து செல்லும் கப்பல் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், தேய்ந்த காசிலும் பாய்மரத்திலிருந்து இறங்கும் கயிறுகளின் கோடு தெரியும். கடலில் பிழைக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காசை என்னால் சொல்ல முடியவில்லை. வசதி இருந்தால் ஹேட்ரியன், ஆன்டோனினஸ் பயஸ் காலத்துப் பெரிய வெண்கலக் காசுகளில், காற்றில் உப்பிய பாயைப் பிடித்தபடி கலங்கரை விளக்கின் எதிரே நிற்கும் ஐசிஸ் தேவியின் உருவம் கொண்டதையும் தேடலாம். கப்பலோடிகளைக் காப்பவளாக அவளை அலெக்சாந்திரிய மக்கள் வணங்கினார்கள். அக்காசில் உள்ள கோபுரம், அழிந்துபோன பாரோஸ் கலங்கரை விளக்கைப் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் நேரடிச் சான்றுகளில் ஒன்று.

ஓர் எச்சரிக்கை உண்டு. டெட்ராடிராக்ம் எகிப்துக்குள் செல்லும் பணம். எல்லை தாண்டிப் புழங்குவதற்காக அச்சானதன்று. தமிழகத்துப் புதையல்களில் வரும் ரோமானியக் காசுகள் பெரும்பாலும் ரோமிலும் லுக்டுனத்திலும் (இன்றைய பிரான்சின் லியோன்) அச்சான பொன், வெள்ளிக் காசுகளே. ஆகவே 'தனுஷ்கோடி மணலில் கிடைத்தது' என்று சொல்லி யாராவது டெட்ராடிராக்மை நீட்டினால், அந்தக் கதையை நம்ப வேண்டாம். அழகன்குளத்தில் கிடைப்பது போன்ற நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசு வேறு வகை. டையோகிளீஷியனுக்குப் பிறகு அலெக்சாந்திரியாவும் பேரரசின் பொதுக் காசையே அச்சிட்டது, காசின் அடியில் அந்நகரப் பெயரின் முதல் எழுத்துகளைப் பொறித்தது. அத்தகைய காசை உரிய சீட்டோடு ஏலத்தில் மலிவாகவே வாங்கலாம். மழைக்குப் பின் நம் கரையில் பொறுக்கியதாகச் சொல்லி விற்பவரிடம் மட்டும் வாங்கக் கூடாது. அதன் காரணத்தைச் சட்டம் தெரிந்தவர் எழுதுவார்.

படத்தை வைத்துக் கணிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். காசின் விளிம்பைக் காட்டும் படம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடித்து அச்சிட்ட காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்த போலியில் எழுத்து மழுங்கி, பரப்பில் நுண்ணிய குமிழிக்குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றிலும் இணைப்புக் கோட்டை அராவி மறைத்த தடம் இருக்கும். எடையையும் கேளுங்கள், நீரோ காலத்து டெட்ராடிராக்ம் ஏறத்தாழப் பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் இருக்க வேண்டும். ரோமானிய மாகாணக் காசுகளின் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் அதே வகையின் பல காசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே விலை கூறுங்கள்.

சுடுமண் உருவங்கள் நைல் வண்டலால் ஆனவை, செம்பழுப்பு நிறம். முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று என இரண்டு அச்சுகளில் அழுத்தி ஒட்டியவை என்பதால் பக்கவாட்டில் இணைப்பு தெரியும். முதுகு பெரும்பாலும் வேலைப்பாடின்றி இருக்கும், சூளையில் வெடிக்காமலிருக்க அங்கே ஒரு துளை விட்டிருப்பார்கள். வெண்பூச்சின் மிச்சமும் அதன் மேல் இளஞ்சிவப்பு, கருப்பு வண்ணத் தடமும் மடிப்புகளில் தங்கியிருக்கும். உண்மையான உருவத்திலிருந்து அச்செடுத்துச் செய்த போலியில், களிமண் சுடும்போது சுருங்குவதால், உருவம் மூலத்தைவிடச் சிறியதாகவும் கண் இமை, விரல் போன்ற நுட்பங்கள் கரைந்தும் காணப்படும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கல்லறையில் இறந்தவருக்கு ஏவலாளாக வைக்கப்படும் உஷாப்தி பொம்மைகளை 'ரோமானியர் காலத்தவை' என்று விற்பவரிடமிருந்து விலகி விடுங்கள். அந்த வழக்கம் ரோமானியர் வருவதற்குள் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது.

தவளை விளக்கு மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்து முழுவதும் வீடுதோறும் எரிந்த பொருள். ஆற்று வெள்ளத்துக்குப் பின் சேற்றிலிருந்து கூட்டமாக எழும் தவளையை மறுபிறப்பின் அடையாளமாக அவர்கள் கண்டார்கள். 'நானே உயிர்த்தெழுதல்' என்ற கிறித்தவ வாசகத்தைத் தாங்கிய தவளை விளக்கும் உண்டு. பழைய தெய்வ நம்பிக்கை புதிய சமயத்துக்குள் நுழைந்ததை இவ்வளவு சிறிய பொருளில் பார்க்க முடிவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.


பதில்: அழகன்குளத்துக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் அகழாய்வுக் குழிகளில் வேலை செய்த அனுபவத்தில் எழுதுகிறேன். முன்னவர் எழுதியவை எல்லாம் பயனுள்ளவை. ஆனாலும் காசு தவிர்த்த மற்ற பொருள்களை வாங்கவே வேண்டாம் என்று தங்களைக் கேட்டுக்கொள்வேன்.

குழியில் ஓர் ஓடு தெரிந்தவுடன் அதைப் பிடுங்கி எடுக்க விடமாட்டார்கள். எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், பக்கத்தில் எந்த ஓட்டோடு கிடந்தது என்று எழுதி, படம் எடுத்த பிறகுதான் அதை அசைப்பார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் ஓடு. மயோஸ் ஹோர்மோஸ் இருந்த குசேர் அல் கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களும் 'பானை ஒறி' (பானை உறி) என்ற சொல்லும் தமிழ் பிராமியில் எழுதப்பட்ட ஓடுகள் கிடைத்தன. பெரெனிகேயில், செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. தமிழர் அங்கே சென்று தங்கியிருந்தனர் என்றும், நம் மிளகு அந்நாட்டுக் கோயிலுக்குள்ளேயே இருந்தது என்றும் இன்று நாம் தலைநிமிர்ந்து சொல்ல முடிவது, அவை கிடைத்த இடம் நமக்குத் தெரியும் என்பதால்தான். அதே சாடி யாரோ ஒருவரின் கடைக்குப் போயிருந்தால், மிளகைக் கொட்டிவிட்டுச் சாடியை மட்டும் விற்றிருப்பார்கள்.

வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் உள்ள முசிறி பாப்பிரஸை ஆசிரியர் அறிந்திருப்பார். ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தமும், மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கும், அதற்கு நான்கில் ஒரு பங்கு சுங்கம் செலுத்திய விவரமும் உள்ள இரண்டாம் நூற்றாண்டு ஆவணம் அது. நம் கடல் வணிகத்துக்கு அதைவிடப் பெரிய எழுத்துச் சான்று இல்லை. ஆனால் அது தொல்பொருள் சந்தை வழியாக 1980இல் அந்த நூலகத்துக்கு வந்தது. எந்த ஊரில், எந்த வீட்டில், யாருடைய மற்ற ஆவணங்களோடு அது கிடந்தது என்பது போய்விட்டது. அந்தக் கட்டில் இன்னும் எத்தனை ஏடுகள் இருந்து, தனித்தனியே விற்கப்பட்டனவோ என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இதற்கு மாறாக, எகிப்தின் ஃபயூம் பகுதியிலுள்ள காரனிஸ் என்ற ஊரை மிச்சிகன் பல்கலைக்கழகம் 1924 முதல் 1935 வரை வீடு வீடாகத் தோண்டிப் பதிவு செய்தது. அதனால்தான் ரோமானியர் கால எகிப்திய வீட்டுச் சுவரில் மாடம் இருந்தது என்றும், குடும்பத்தார் தெய்வங்களை வீட்டுக்குள்ளேயே வைத்து வணங்கினார்கள் என்றும் நமக்குத் தெரிகிறது. தாங்கள் வாங்க நினைக்கும் ஹார்ப்போகிரட்டீஸ் தலைக்கும் அப்படி ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டைப் பற்றி இனி ஒருவரும் சொல்ல முடியாது. ஹேட்ரியன் 130இல் நிறுவிய ஆன்டினூபோலிஸ் போன்ற இடங்களில் 2011 கலவரத்துக்குப் பிறகு திருட்டுத் தோண்டல் பெருகியது; வாங்குவோர் இருப்பதால்தான் தோண்டுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட, ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் அழகன்குளத்துப் பொருள்கள் இருக்கின்றன; எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன. அங்கே அழைத்துச் செல்லலாமே.


பதில்: பரமக்குடி நாணயச் சேகரிப்பாளர்

அழகன்குளத்து அன்பர் எழுதியதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். 1968இல் விற்பனையான விளக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளில் இருந்துவிட்டது. அதை நாம் வாங்காமல் விடுவதால் எந்தக் குழியும் மூடப்படப் போவதில்லை. எகிப்திய அரசே கெய்ரோ அருங்காட்சியகத்தில் விற்பனைக் கூடம் வைத்து, 1979 வரை தொல்பொருள்களைச் சீட்டுக் கொடுத்து விற்றது. அவ்வாறு வெளியே வந்த பொருள்களையும் நேற்றுத் தோண்டியவற்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. எனினும், இறந்தவர் உடலைச் சார்ந்த எதையும் நான் தொடுவதில்லை. மம்மியின் முகத்தின் மேல் வைத்துக் கட்டிய முக ஓவியங்கள் ஏறத்தாழ 900 இன்று உலகெங்கும் உள்ளன. அவற்றுள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடலிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவை. இறந்தவரின் பெயரும் வயதும் எழுதிக் கழுத்தில் கட்டிய மரச் சீட்டுகளும் விற்பனைக்கு வரும். அவை அந்தக் குடும்பத்தார் தம் உறவினரை வழியனுப்பக் கட்டியவை. அவற்றுக்கு விலை கூற எனக்கு மனம் வரவில்லை.


பதில்: ராமநாதபுரம் வழக்கறிஞர்

ஆசிரியர் ஐயா, சட்டத்தை மட்டும் எழுதுகிறேன்.

எகிப்தின் 1983ஆம் ஆண்டு 117ஆம் எண் சட்டம், அந்நாட்டில் தொல்பொருள் வணிகத்தை முழுமையாக நிறுத்தி, தொல்பொருள்களை அரசின் உடைமையாக்கியது. அதற்குப் பிறகு வணிகத்துக்காக வெளியே வந்த எப்பொருளும் சட்டப்படி வந்ததாக இருக்க முடியாது. பண்பாட்டுப் பொருள்களின் திருட்டுக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 14-11-1970 அன்று நிறைவேறியது; பொறுப்புள்ள அருங்காட்சியகங்கள் அந்த ஆண்டையே எல்லைக்கோடாகக் கொள்கின்றன. ஆகவே '1990களில் உருவான சேகரிப்பு' என்ற குறிப்பு தங்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. அது எகிப்தை விட்டு எப்போது வெளியேறியது என்பதே கேள்வி. ஹார்ப்போகிரட்டீஸ் தலையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

விளக்குக்கு 1968ஆம் ஆண்டுச் சீட்டு உண்டு என்பதை விலை கூறுவதற்கு முன்பே நகல் கேட்டுப் பாருங்கள். சீட்டில் 'எகிப்திய விளக்கு ஒன்று' என்று மட்டும் இருந்தால் போதாது. இந்த விளக்குதான் அது என்று காட்டும் அளவோ, படமோ, பழைய பட்டியல் எண்ணோ வேண்டும். காகிதமும் பொய் சொல்லும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். நியூயார்க் வணிகர் ஃபிரெடெரிக் ஷுல்ட்ஸ் 2002இல் தண்டிக்கப்பட்டார். அவருடைய கூட்டாளி, எகிப்தியப் பொருள்களின் மேல் பிளாஸ்டிக் பூசி, சுற்றுலாக் கடைப் பொம்மைகளைப் போல வண்ணம் தீட்டிக் கடத்தினார். பிறகு 1920களைச் சேர்ந்த தாமஸ் ஆல்காக் சேகரிப்பு என்று இல்லாத ஒன்றைக் கற்பித்து, பழைய காகிதம் போலத் தோன்றும்படி சீட்டுகளையும் ஒட்டினார். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் வாங்கிய நெஜெமங்க் என்ற பூசாரியின் பொன் பூசிய சவப்பெட்டி, 1971இல் வழங்கியதாகக் காட்டும் போலி ஏற்றுமதி உரிமத்தோடு வந்தது. அது 2011இல் களவாடப்பட்டது என்று தெரிந்து, 2019இல் எகிப்துக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், தனிமனிதர் எவ்வளவு துருவிக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காசு சிறியது, மலிவானது என்பதால் இந்த விதி அதற்குத் தளர்ந்துவிடாது. நீரோ காசுக்கும் பழைய ஏலப் பட்டியலில் படம் இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் அதே வகையில் படம் உள்ள வேறு காசுக்குக் காத்திருங்கள். இது பரமக்குடி அன்பருக்கும் சேர்த்தே சொல்வது.

இனி நம் நாடு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 5-4-1976 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டுக்குக் குறையாத பழைமையுள்ள காசு, சிற்பம், கைவினைப் பொருள் ஆகியவை அதன்படி தொல்பொருள்கள். சுடுமண் சிற்பம், ஓவியம், சுவடி போன்ற குறிப்பிட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். தங்கள் பொருள் அவ்வகையில் சேருமா என்பதை அவரிடமே எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. அதாவது, வாங்கிய பொருள் போலியன்று, ஆனால் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் வழி ஏறத்தாழ அடைபட்டது என்று வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். விற்பவரின் நாட்டில் ஏற்றுமதி உரிமம் வேண்டுமானால் அதை அவரே பெற்றுத் தர வேண்டும். கூரியர் படிவத்தில் உண்மையான விலையையும் 'தொல்பொருள்' என்ற விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். 'அலங்காரப் பொருள், பரிசு' என்று எழுதி அனுப்புவதாக விற்பவர் சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

நம் கரையில் பொறுக்கிய காசைப் பற்றி மேலே குறிப்பு வந்தது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விற்பவரும், அறிந்தே வாங்குபவரும் சிக்கலில் மாட்டுவார்கள்.


மறுமொழி: தேவிபட்டினம் ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. ஹார்ப்போகிரட்டீஸ் தலையை என் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். விளக்கின் சீட்டு நகலையும், காசின் விளிம்புப் படத்தையும், பழைய பட்டியல் விவரத்தையும் கேட்டு ஏல நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். உரிய பதில் வராவிட்டால் விலை கூற மாட்டேன். அழகன்குளத்து அன்பர் சொன்னபடி ராமலிங்க விலாசத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதை இதோடு போட்டியாக நான் கருதவில்லை. அது எப்படியும் நடக்கும். கேட்க விட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு. எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் உள்ளது. சன்னல் கம்பியே ஆண்டுக்கு ஒருமுறை துருவேறி உதிர்கிறது. பாலைவன மணலில் இருந்த பொருள் இந்தக் காற்றில் தாங்குமா?


பதில்: கீழக்கரை வேதியியல் விரிவுரையாளர்

ஐயா, இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் கரையில் வாடைக் காற்றானாலும் கச்சான் காற்றானாலும் ஈரம் குறைவதில்லை. அதோடு உப்பும் வருகிறது. எகிப்திலிருந்து வரும் பொருள்களுக்கு இவை இரண்டும் பகை.

சுடுமண் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நைல் கரை மண்ணில் நூற்றாண்டுகளாகக் கிடந்த பொருளின் நுண்துளைகளில் ஏற்கெனவே உப்பு தங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறும்போது அந்த உப்பு கரையும். ஈரம் இறங்கும்போது மேற்பரப்புக்கு அடியிலேயே படிகமாக உறையும். ஒவ்வொரு முறை உறையும்போதும் படிகம் தன்னைச் சுற்றியுள்ள களிமண்ணை நெம்புகிறது. பழைய வீட்டுச் சுவரில் காரை உப்புப் பூத்துப் பொரிந்து விழுவதைப் போலவே, விளக்கின் மேற்பரப்பும் செதில் செதிலாகப் பெயரும். முதலில் போவது தவளையின் கண்ணும் கால் மடிப்பும்தான். ஆகவே ஈரம் அதிகமா குறைவா என்பதைவிட, அது ஏறி இறங்காமல் நிலையாக இருப்பதுதான் சுடுமண்ணுக்கு முக்கியம். பகலில் சன்னலைத் திறந்து, இரவில் குளிரூட்டியைப் போடும் அறையில் அதை வைக்கவே கூடாது. தூசியைத் துடைக்க ஈரத்துணியும் வேண்டாம். மென்மையான தூரிகை போதும். வெண்பூச்சின் மிச்சம் இருந்தால் அதையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

செம்பு மிகுந்த காசுக்கு ஆபத்து வேறு. பரவலாகப் படிந்த கரும்பச்சைக் களிம்பு கெடுதல் செய்யாது. அதுவே காசின் தோல், அதைச் சுரண்டக் கூடாது. புளி, எலுமிச்சை எதையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். ஆனால் ஏதாவது ஓரிடத்தில் வெளிர்ப்பச்சை நிறத்தில் மாவு போன்ற பொடி புள்ளியாகக் கிளம்பினால், உள்ளே குளோரைடு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரமும் ஆக்சிஜனும் கிடைக்கும் வரை அந்த வினை நிற்காது. பொடியைத் தட்டிவிட்டாலும் அடியில் குழி ஆழமாகிக்கொண்டே போகும். சார்பு ஈரப்பதத்தை நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே வைத்தால் அது அடங்கும். நம் ஊரில் வெளிக்காற்று அந்த அளவுக்கு வறள்வதில்லை. எனவே காற்றுப் புகாத மூடியுள்ள பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும், மலிவாகக் கிடைக்கும் சிறிய ஈரமானியும் சேர்த்து வைத்துவிட வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். பி.வி.சி. உறைகள் நாளடைவில் அமிலம் கசிந்து காசைக் கெடுக்கும். பாலிஎத்திலீன் உறையோ பாலிப்ரோப்பிலீன் பெட்டியோ வாங்குங்கள். மர அலமாரியிலிருந்தும் அமில ஆவி வரும் என்பதால், பெட்டியை அதற்குள் வைத்தாலும் காசு மரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

விளக்கையும் காசையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். அதற்குத் தேவை நிலைத்த ஈரம், இதற்குத் தேவை வறட்சி. பிள்ளைகளுக்குக் காட்டும்போது காசை விளிம்பில் பிடிக்கச் சொல்லுங்கள். வியர்வையிலும் குளோரைடு உண்டு. விளக்கை அவர்கள் கையில் கொடுக்காமல், அதே அளவில் நம் ஊர்க் குயவரிடம் சொல்லி ஒரு நகல் செய்து, அதில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றிக் காட்டலாம். மூல விளக்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிறகு எடுக்க முடியாது. பொருள் வந்து சேர்ந்த அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதியிட்டு வைத்துவிடுங்கள், பெட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறக்கும்போது அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் புதிய வெளிர்ப்பச்சைப் புள்ளியோ செதிலோ உடனே கண்ணில் படும்.